கயிறு யார் கையில்?
பங்குத் தரகரைத் தேர்ந்தெடுப்பது குறித்து ஆசிரியர்களிடம் சில சொற்கள்

(தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கு ஆசிரியரை மேடையில் ஏற்றினால் வாய்ப்பாடு ஒப்பிப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். இன்றும் கொஞ்சம் கணக்கு உண்டு. ஆனால் வகுப்பறைக் கணக்கு அல்ல, நம் சம்பளக் கணக்கு. இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன பருவத்தில் எங்கள் பள்ளிக்கு மாறுதலாகி வந்த இளம் ஆசிரியை ஒருவர், மதிய இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "அக்கா, என் தம்பி கனடாவுல இருக்கான். அங்க வரியே இல்லாத கணக்கு ஒண்ணு இருக்காம். அதுல ஷேர் வாங்கிப் போடுறானாம். நம்ம ஊர்ல அப்படி ஒரு கணக்கு இருக்கா? எந்த புரோக்கர்கிட்ட ஆரம்பிக்கணும்?"

நல்ல கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியில் ஒரு முறை நான் தோற்றிருக்கிறேன். அந்தக் கதையை இதுவரை ஆசிரியர் அறையில்கூட நான் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

அதற்கு முன் இந்தக் கடற்கரையின் பழைய செய்தி ஒன்று. என் தாத்தா முத்துக்குளிக்கும் தோணியில் கயிறு பிடித்தவர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதற்கு முந்தைய குளிப்புகளில் அவர் தோணியில் இருந்திருக்கிறார். குளிப்பவர் கல்லின் கனத்தில் அடியில் இறங்குவார். மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் அந்த அசைவை உணர்ந்து உடனே இழுக்க வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் உயிர் போகும். அதனால்தான் கயிறு பிடிக்க மைத்துனரை வைத்துக்கொள்வது வழக்கம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க எந்தச் சகோதரனும் விடமாட்டான் அல்லவா? தாத்தா பிடித்ததும் தங்கை கணவரின் கயிற்றைத்தான்.

குளிப்பவரின் நலனும் கயிறு பிடிப்பவரின் நலனும் ஒன்றாக இருக்க வேண்டும். பங்குத் தரகரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன்.

வரியில்லாக் கணக்கு நமக்கு உண்டா?

அந்த ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். கனடாவில் 2009 முதல் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அரசு குறிக்கும் வரம்பு வரை அதில் பணம் போடலாம், பங்கும் வாங்கலாம். உள்ளே வரும் லாபத்துக்கு வரி கிடையாது. பிரிட்டனில் 1999 முதல் தனிநபர் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அதில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம். டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் உறவுக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான்.

இந்தியாவில் பங்குகளுக்கென்று அப்படித் தனிக் கணக்கு இல்லை. பொது வருங்கால வைப்பு நிதியும் செல்வமகள் சேமிப்புத் திட்டமும் வரியில்லாத வட்டி தருபவை. ஆனால் அவற்றில் பங்கு வாங்க முடியாது. முதல்முறையாகப் பங்கு வாங்குவோருக்கு வரிச்சலுகை தர 2012-13 நிதிநிலை அறிக்கையில் ராஜீவ் காந்தி பங்குச் சேமிப்புத் திட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் கைவிடப்பட்டது. ஆகவே யாராவது உங்களிடம் வந்து "டாக்ஸ் ஃப்ரீ டீமேட் கணக்கு தொடங்கித் தருகிறேன்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் சட்டம் நமக்கு வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு பங்கை வாங்கி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வருவது நீண்டகால மூலதன ஆதாயம். 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, சந்தை வழியே விற்ற பங்குகளில் அந்த ஆதாயத்துக்கு வரியே இல்லை. 2018 ஏப்ரலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 10 சதவீதம் என்று வந்தது. 2024 ஜூலை 23 முதல், ஓர் ஆண்டில் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரையான ஆதாயத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவீதம். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் இந்த விலக்கு கிடையாது. 20 சதவீதம் வரி. பங்குக்கு வரும் ஈவுத்தொகை 2020 ஏப்ரல் முதல் நம் வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது.

இதை நம் நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். மாதம் இரண்டாயிரம், மூன்றாயிரம் என்று ஒதுக்கி, நல்ல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு ஒரே ஆண்டில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஆதாயம் எடுக்கும் தேவை பெரும்பாலும் வராது. ஆக, பொறுமை இருந்தால் நம் சாதாரண டீமேட் கணக்கே வரியில்லாக் கணக்கு போலத்தான். பொறுமை போனால் சலுகையும் போய்விடும்.

இங்கேதான் தரகர் வருகிறார். நாம் சும்மா இருந்தால் நமக்கு லாபம். ஒவ்வொரு முறை நாம் வாங்கும்போதும் விற்கும்போதும்தான் தரகருக்கு வருமானம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம். அவர் வருமானம் வரும் வழி அப்படி அமைந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு என் கதையைக் கேளுங்கள்.

நான் கொடுத்த ஓ.டி.பி.

2021ஆம் ஆண்டு. கொரோனா அடங்கி வந்த நேரம். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நன்றாகப் படித்தவன். சதவீதக் கணக்கைக் கரும்பலகையில் என்னைவிட வேகமாகப் போடுவான். ஒரு தரகு நிறுவனத்தின் உள்ளூர் முகவராகச் சேர்ந்திருந்தான். "டீச்சர், நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன். காலைல ஒரு ஓ.டி.பி. மட்டும் சொல்லிருங்க" என்றான்.

என் மாணவன் அல்லவா? அதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று நினைத்தேன். என் பெண்ணின் கல்லூரிச் செலவுக்குச் சேர்த்து வைத்திருந்ததில் 1,20,000 ரூபாயைப் போட்டேன். தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன் அவனுக்கு ஓ.டி.பி. போய்விடும். மாலையில் பங்குச் சந்தையிலிருந்தும் தரகு நிறுவனத்திலிருந்தும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் நான் அவற்றைத் திறந்தே பார்க்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து, கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று பணத்தைக் கேட்டேன். கணக்கில் இருந்தது 71,000 ரூபாய். அன்று இரவு உட்கார்ந்து எல்லா ஒப்பந்தச் சீட்டுகளையும் திறந்து பார்த்தேன். 212 பரிவர்த்தனைகள்! ஒவ்வொன்றும் சராசரியாக இருபதாயிரம் ரூபாய்க்கு. வாங்கியதை நான்கு நாளில் விற்பது, விற்றதை மறுபடி வாங்குவது. தரகு அரை சதவீதம். கூட்டிப் பார்த்தேன். 49,000 ரூபாய் இழப்பில் ஏறத்தாழ 29,500 ரூபாய் தரகும் வரியும் கட்டணமும்தான். சந்தை எடுத்துக்கொண்டது மீதியை மட்டுமே.

நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் ஓ.டி.பி. மூலம் உள்ளே நுழைந்துதான் எல்லா உத்தரவும் போயிருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் கயிற்றை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

இன்னொரு பயமும் அன்று இரவு வந்தது. நாம் அனைவரும் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அரசு ஊழியர் யூக வணிகத்தில் ஈடுபடக் கூடாது. சேமிப்பாக எப்போதாவது பங்கு வாங்கி வைப்பது வேறு; வாங்கி விற்பதையே வழக்கமாக்கிக்கொள்வது வேறு. பதினோரு மாதத்தில் 212 பரிவர்த்தனை என்பதை எந்த அதிகாரியிடம் முதலீடு என்று சொல்ல முடியும்? அசையும் சொத்து பற்றிய விதியும் அதே தொகுப்பில் இருக்கிறது. பெரிய தொகை போடும் முன் உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிட்டால் அதை அழிக்க முடியாது.

தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அதற்குப் பிறகு ஓர் ஆண்டு பங்குப் பக்கமே போகவில்லை. பிறகு மாணவியாக மாறி, அடிப்படையிலிருந்து படித்தேன். புதிதாக ஒரு தரகரைத் தேர்ந்தெடுத்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. நான் பார்த்தவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பதிவு. பங்குத் தரகர் ஒவ்வொருவரும் செபி என்னும் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செபி 1988இல் தொடங்கப்பட்டு 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. தரகரின் பதிவு எண் ஐ.என்.இசட். என்று தொடங்கும். அந்த எண்ணைத் தரகரின் விளம்பரத்தில் பார்த்தால் போதாது. செபியின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் அலுவலகம் வைத்திருக்கும் முகவர் என்றால், அவர் பெயரும் பங்குச் சந்தையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பங்கு எங்கே இருக்கிறது? பலர் தரகரிடம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. இந்தியாவில் இரண்டு வைப்பகங்கள் இருக்கின்றன. 1996இல் தொடங்கிய என்.எஸ்.டி.எல். ஒன்று, 1999இல் தொடங்கிய சி.டி.எஸ்.எல். மற்றொன்று. நம் பங்கு நம் பெயரில் அங்கேதான் இருக்கும். வங்கிக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் முகவர் போலத்தான் தரகர்.

அப்படியானால் தரகரால் என்ன தீங்கு வந்துவிடும் என்று கேட்கலாம். 2019 நவம்பர் 22 அன்று கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனத்தின் மீது செபி உத்தரவு பிறப்பித்தது. வாடிக்கையாளர்கள் தந்த அதிகாரப் பத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்கள் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கியதாகக் கண்டறியப்பட்டது. 95,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் 2,300 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள பங்குகள் அதில் சிக்கின. டிசம்பர் தொடக்கத்தில் 82,000க்கும் மேற்பட்டோருக்குப் பங்குகள் திரும்பக் கிடைத்தன. பெரிய நிறுவனம், பல ஊர்களில் கிளைகள், பழைய பெயர். அப்படியும் நடந்தது.

அதன் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. அடமானம் இப்போது நம் கணக்கிலிருந்தே, நம் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் வாங்கிய மறு வேலைநாளே கணக்குத் தீர்வு நடக்கிறது. ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது, நாமும் பார்க்க வேண்டும். வைப்பகத்திலிருந்து தொகுப்புக் கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். தரகரின் செயலியில் தெரியும் எண்ணிக்கையும் அந்த அறிக்கையில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் நேரம்கூட ஆகாது.

மூன்றாவது, கட்டணம். இங்கே கொஞ்சம் கணக்கு. 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 10 ரூபாய். முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், அதாவது 1.50 ரூபாய். இவை எந்தத் தரகரிடம் போனாலும் ஒன்றுதான். சந்தைக் கட்டணம் சில பைசாக்கள், அதை விட்டுவிடலாம். வேறுபடுவது தரகு மட்டுமே. ஒருவர் உத்தரவுக்கு 20 ரூபாய் என்கிறார். இன்னொருவர் அரை சதவீதம் என்கிறார். தரகின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

10,000 ரூபாய்க்கு வாங்கினால் முதலாமவரிடம் தரகும் ஜி.எஸ்.டி.யும் 23.60 ரூபாய், இரண்டாமவரிடம் 59 ரூபாய். ஒரு லட்சத்துக்கு வாங்கினால் முதலாமவரிடம் அதே 23.60, இரண்டாமவரிடம் 590. முதலாமவர்தான் மலிவு என்று முடிவு செய்துவிடாதீர்கள். 1,000 ரூபாய்க்கு வாங்கிப் பாருங்கள். முதலாமவரிடம் அப்போதும் 23.60, அதாவது போட்ட பணத்தில் 2.36 சதவீதம். இரண்டாமவரிடம் 5.90 மட்டுமே, அவர் குறைந்தபட்சக் கட்டணம் என்று எதுவும் வைத்திருக்காவிட்டால். ஆக, சிறுகச் சிறுக வாங்குபவருக்கு ஒரு தரகர், மொத்தமாக வாங்குபவருக்கு வேறு தரகர். வாங்கி வைத்துக்கொள்ளும் பங்குகளுக்குத் தரகே வாங்காத நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கேயும் விற்கும்போது வைப்பகக் கட்டணம், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

பராமரிப்புக் கட்டணத்தில் சிறு முதலீட்டாளருக்கு ஒரு சலுகை இருக்கிறது. அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்று பெயர். ஒருவர் பெயரில் ஒரே கணக்கு இருந்து, 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அதில் உள்ள பங்குகளின் மதிப்பு நான்கு லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக் கட்டணம் கிடையாது. நான்கிலிருந்து பத்து லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தரகர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

நான்காவது, சாவி யாரிடம்? கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கணவரிடமோ மனைவியிடமோ மாணவனிடமோ போகக் கூடாது. கணக்குத் தொடங்கும்போது நீட்டப்படும் படிவங்களில் விற்பனைக்கான அதிகாரத்தைத் தரகருக்கு வழங்கும் படிவமும் ஒன்று இருக்கும். அது கட்டாயம் அல்ல. அதில் கையெழுத்திடாமல், விற்கும் ஒவ்வொரு முறையும் நாமே வைப்பகத்தின் ரகசிய எண்ணை இட்டு ஒப்புதல் தரலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை விற்பவருக்கு இது பெரிய வேலை அல்ல. வாரிசு நியமனத்தையும் அன்றே முடித்துவிடுங்கள்.

ஐந்தாவது, எதற்குத் தூண்டுகிறார்கள்? செயலியைத் திறந்ததும் "இன்று இதை வாங்குங்கள்" என்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா? எதிர்கால ஒப்பந்தம், விருப்ப ஒப்பந்தம் ஆகியவற்றைத் தொடங்கச் சொல்லி அழைப்பு வருகிறதா? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவில் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அன்றே வாங்கி அன்றே விற்பவர்களில் பத்தில் ஏழு பேர் 2022-23இல் இழந்தார்கள் என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. நம் வகுப்பில் நூற்றுக்கு 93 பேர் தோல்வியடையும் பாடம் ஒன்று இருந்தால் அதை விருப்பப் பாடமாகக்கூட வைப்போமா? அந்தப் பிரிவுகளைத் தொடங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாவது, குறை வந்தால் எங்கே போவது? முதலில் தரகரிடம் எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. 21 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 266 7575. எந்தத் தரகர் மீது எத்தனை புகார்கள் வந்திருக்கின்றன என்பதைப் பங்குச் சந்தைகள் தங்கள் இணையதளங்களில் வெளியிடுகின்றன. கணக்குத் தொடங்கும் முன்பே அதை ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக, போலிகள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்த்து, அச்சு அசலாகத் தரகர் செயலி போலவே ஒன்றை இறக்கச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வராது. 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற தரகர்களுக்கென்று 'வேலிட்' என்ற சொல் இடம்பெறும் தனி யு.பி.ஐ. முகவரி இருக்கிறது. அங்கேதான் பணம் அனுப்ப வேண்டும். தனிநபரின் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பங்கு என்றால் என்ன என்பதையும் மறக்க வேண்டாம்

தரகர் சரியாக இருந்துவிட்டால் பணம் பத்திரம் என்று அர்த்தம் அல்ல. கயிறு பிடிப்பவர் உயிரைக் காப்பார். சிப்பிக்குள் முத்து இருக்கும் என்று அவர் உறுதி சொல்ல முடியாது. முத்துக்குளிப்புக் காலத்தில் திறக்காத சிப்பிகளைத்தான் ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். குளிப்பு அறிவிக்கும் முன், முத்துப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்புப் பார்ப்பார்கள். ஏலம் எடுப்பவருக்கு அந்த மாதிரிதான் ஆதாரம். நமக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கை அப்படி. அதைப் படிக்க நேரம் இல்லை என்றால் தனிப் பங்கு வாங்க வேண்டாம். பரஸ்பர நிதி போதும்.

நம் ஊருக்கே பங்கு வாங்கிய வரலாறு உண்டு. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தரகரும் செயலியும் இல்லாத காலம். அவரே ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். பம்பாய் வரை சென்று கப்பல் வாங்கி வந்தார். 1908 மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதைவிட நேர்மையான தலைவரை, அதைவிட உயர்ந்த நோக்கத்தை எந்த நிறுவனத்தில் தேடுவோம்? அப்படியும் போட்ட பணம் கரைந்தது. அன்று பங்கு வாங்கியவர்கள் நாட்டுக்காகக் கொடுத்தார்கள்; அது வேறு கணக்கு. நாம் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஓய்வுக்காலத்துக்காகவும் போடுகிறோம். அதனால் அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தையும், கடன் வாங்கிய பணத்தையும், மூன்று நான்கு ஆண்டுக்குள் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தையும் பங்கில் போடாதீர்கள். நான் செய்த இன்னொரு தவறு அது.

2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியக் கவலை உண்டு. அந்தக் கவலைதான் நம்மை அவசரப்படுத்துகிறது. அதை அறிந்துதான் ஆசிரியர் குடியிருப்புகளைத் தேடி வருகிறார்கள்.

மாணவனைப் பற்றி

அவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு துறைமுகச் சாலையில் பார்த்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருக்கிறான். என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "டீச்சர், மாசம் இவ்வளவு புரோக்கரேஜ் காட்டணும்னு டார்கெட் இருந்துச்சு. மொதல்ல உங்க கணக்கு, அப்புறம் எங்க சித்தப்பா கணக்கு. எனக்கே தெரியாம போயிருச்சு" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று உறுத்தியது. அவனுக்குச் சதவீதம் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தச் சதவீதம் யார் கைக்குப் போகிறது என்று கேட்க நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இப்போது எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்தும்போது ஒரு பயிற்சி தருகிறேன். பெயரை மறைத்துவிட்டு என் பழைய ஒப்பந்தச் சீட்டு ஒன்றின் நகலைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுப்பேன். தரகு எவ்வளவு, வரி எவ்வளவு, விலை எத்தனை சதவீதம் ஏறினால் போட்ட பணம் திரும்ப வரும் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். எங்கள் பிள்ளைகளில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஏலக்கூடத்தில் தரகு என்றால் என்ன என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே தெரியும். போன மாதம் ஒரு சிறுமி சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், இவங்களுக்கு மீன் வித்தாலும் காசு, விக்காட்டியும் காசா?" "வித்தாலும் வாங்குனாலும் காசு. சும்மா இருந்தாத்தான் இல்ல" என்றேன். "அப்ப சும்மா இருக்க விடவே மாட்டாங்களே" என்றாள்.

நான் 49,000 ரூபாய் கொடுத்துப் படித்த பாடத்தை அந்தப் பிள்ளை பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

கேள்வி கேட்ட அந்த இளம் ஆசிரியையும் இங்கே அமர்ந்திருக்கிறார். அம்மா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். வரியில்லாக் கணக்கு என்று தனியாக எதுவும் இல்லை. பொறுமையாக இருந்தால் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கும். உன்னைச் சும்மா இருக்க விடுகிற, செலவு குறைந்த, பதிவு பெற்ற தரகரைப் பார்த்துத் தேர்ந்தெடு. ஓ.டி.பி.யை மட்டும் யாரிடமும் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே.